கணக்குக் காட்ட வேண்டியவர் யார்? – தணிக்கை அறிக்கைகளை முன்வைத்து

சென்ற ஆண்டு பொங்கல் விழாவின்போது அரங்க வாசலில் காப்பிக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற நண்பர், வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன ஸார், முப்பத்தாறு வருஷம் ஆடிட்ல இருந்தீங்க. எழுதி எழுதி வெச்சீங்களே, என்ன ஆச்சு? ஒரு பைசா திரும்பி வந்துதா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கேள்வி விடவில்லை.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது இதையே எழுதலாம் என்று தோன்றியது. இலக்கியத் திறனாய்வுகளுக்கு நடுவே தணிக்கை அறிக்கைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும். அதுவும் ஒரு புத்தகம்தான். நாம் கட்டிய வரிப்பணம் என்ன ஆயிற்று என்று சர்க்காரே அச்சிட்டுச் சொல்கிற புத்தகம் வேறு கிடையாது. வேலையில் இருந்தவரை அதை எழுதுகிறவர்களில் ஒருவனாக இருந்தேன். 2008ல் ஓய்வு பெற்ற பிறகுதான் வாசகனாகப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் எங்கள் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஓர் அலுவலகத்துக்குத் தணிக்கைக்குப் போனால் சந்தேகம் வரும் இடத்தில் ஒரு தாளை நெடுக்காக மடித்து, ஒரு பாதியில் எங்கள் கேள்வியை எழுதுவோம். மறுபாதி அவர்கள் பதிலுக்கு. இதற்கு 'ஹாஃப் மார்ஜின்' என்று பெயர். பதில் சரியாக இருந்தால் அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால் அது 'பாரா'வாகும். பாரா வளர்ந்து, மேலே போய், பல கைகளில் சுருங்கி, தப்பிப் பிழைத்தால் சி.ஏ.ஜி. அறிக்கையில் இரண்டு பக்கமாக வரும். என் அனுபவத்தில் அந்தத் தாளின் மறுபாதிதான் பெரும்பாலும் காலியாகவே திரும்பி வரும்.

ஒரு உதாரணம். பெயர் வேண்டாம், எங்கோ தொலைவில் ஒரு சர்க்கார் அலுவலகம். மார்ச் மாதம் கடைசி வாரத்தில் ஒரு ஜெனரேட்டர் வாங்கியிருந்தார்கள். நான் போனபோது நாலு வருஷம் ஆகியிருந்தது. கொட்டகையில் மரப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், அதை நிறுத்துவதற்கு சிமெண்டு மேடை போட வேண்டும், மேடைக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும், அது வரவில்லையாம். "அப்புறம் ஏன் வாங்கினீங்க?" என்றேன். "மார்ச் 31க்குள்ள செலவழிக்கலேன்னா பணம் திரும்பிப் போயிடும் ஸார்" என்றார் தலைமை எழுத்தர். பொய்யே இல்லாத பதில். அங்கே யாரும் பத்து ரூபாய்கூடத் திருடியிருக்க மாட்டார்கள் என்று இன்றும் நம்புகிறேன். பாரா எழுதினேன். ஆறு வருஷம் கழித்து, சம்பந்தப்பட்ட அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று முடித்துவைத்தார்கள்.

பதினோரு மாதம் சும்மா இருந்துவிட்டு பன்னிரண்டாம் மாதம் அவசரப்படுவது. நிதிவிதிகளே இதைத் தவறு என்று சொல்கின்றன. ஆனாலும் நம் நாட்டில் பொதுப் பணம் வீணாவதற்குத் திருட்டைவிடப் பெரிய காரணம் இதுதான் என்பது என் துணிபு. திருட்டு பெரும்பாலும் இதன் நிழலில்தான் நடக்கிறது. ஜெனரேட்டர் கதையின் மிகப் பெரிய பதிப்பை தில்லிவாசிகளாகிய நாம் எல்லோரும் 2010ல் கண்ணாரப் பார்த்தோம்.

காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியைத்தான் சொல்கிறேன். 2003 நவம்பரில் தில்லிக்குப் போட்டி உறுதியாயிற்று. 2010 அக்டோபர் 3ஆம் தேதி தொடக்கம். கையில் ஏறத்தாழ ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் எங்கே போயிற்று என்பதை நம் குடும்பங்களே சொல்லும். கன்னாட் பிளேஸ் முழுக்கத் தோண்டிப்போட்ட அந்தக் கோடைக்காலம் யாருக்கு மறக்கும்? செப்டம்பர் 21ஆம் தேதி, தொடக்கத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில், ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு எதிரே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்தது. காயப்பட்டவர்கள் இருபதுக்கும் மேற்பட்ட கூலித் தொழிலாளர்கள். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியிலிருந்து அந்த ஸ்டேடியம் எவ்வளவு தூரம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

போட்டி முடிந்து சி.ஏ.ஜி. அறிக்கை 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் நான் பங்கெடுக்கவில்லை, அதற்குள் ஓய்வு பெற்றிருந்தேன். ஆனால் ஒரு பிரதி தேடி வாங்கினேன். தடித்த புத்தகம். மூன்று வாரம் படித்தேன். என் மனைவி, "சுந்தர காண்டம்கூட இவ்வளவு சிரத்தையா படிச்சதில்லை நீங்க" என்றாள்.

ஜனங்கள் நினைவில் நின்றவை டிரெட்மில் வாடகையும் டாய்லெட் பேப்பர் விலையும். பத்திரிகைகள் அவற்றைத்தான் பெரிதாகப் போட்டன. அறிக்கையின் உயிர் அங்கே இல்லை. முடிவுகள் காரணமே தெரியாமல் தள்ளிப்போடப்பட்டன. அதனால் நேரம் இல்லாமல் போயிற்று. நேரம் இல்லை என்பதையே காரணம் காட்டி விதிகள் தளர்த்தப்பட்டன, ஒரே ஒருவர் கேட்ட டெண்டரும் ஏற்கப்பட்டது. இந்த அவசரம் வலிந்து உண்டாக்கப்பட்டதோ என்று சந்தேகிக்கும்படி இருக்கிறது என்று தணிக்கையாளர்கள் எழுதியிருந்தார்கள். படித்துக்கொண்டே வந்தவன் அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். முப்பத்தாறு வருஷமாக மார்ச் மாதந்தோறும் நான் பார்த்ததை யாரோ ஒருவர் இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டாரே என்று இருந்தது. ஆரம்பத்தில் 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிட்ட செலவு, மெட்ரோவையும் விமான நிலையத்தையும் சேர்க்காமலே, 18,532 கோடிக்குப் போனதாகக் கணக்கிட்டிருந்தார்கள்.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. 2006 முதல் 2008 வரை விளையாட்டுத் துறை மந்திரியாக இருந்த மணிசங்கர் ஐயர், அப்போது மயிலாடுதுறையின் எம்.பி., இந்தச் செலவு தேவையா என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். அவருடைய வாய் நமக்கெல்லாம் தெரிந்ததே. பல சமயம் அவருக்கே வினையாக முடிவது. இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் பணம் கொடுப்பது சர்க்கார், செலவழிப்பது ஒரு சங்கமாகப் பதிவு செய்துகொண்ட ஏற்பாட்டுக் குழு. மந்திரி கேள்வி கேட்டால் குழு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி அறிக்கையின் குறையைச் சொல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. வெறும் சாதிப் பாசமாகிவிடும், தணிக்கைச் சாதி!

எங்கள் உரைநடையில் எழுவாயே இருப்பதில்லை. 'கவனிக்கப்படவில்லை', 'காலதாமதம் ஏற்பட்டது', 'விதிகள் பின்பற்றப்படாதது கண்டறியப்பட்டது'. யார் கவனிக்கவில்லை? யார் தாமதித்தார்? ஏதோ மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலத் தாமதமும் தானாக ஏற்பட்டுவிடும். நானே இப்படி ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் எழுதியிருக்கிறேன். காரணம் உண்டு: நாங்கள் ஆளைப் பார்ப்பதில்லை, ஃபைலைப் பார்க்கிறோம். ஆளைக் குற்றம் சாட்டுவது எங்கள் வேலையும் இல்லை. நியாயமான காரணம்தான். ஆனால் படிக்கிறவனுக்கு என்ன நேர்கிறது? முந்நூறு பக்கம் படித்த பிறகும் ஒரு மனிதர் முகம் தெரிவதில்லை. அந்தக் காலி இடத்தில் பத்திரிகைகளும் டி.வி.யும் தங்களுக்கு வேண்டிய ஒரு முகத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகின்றன.

இரண்டாவது, தொகை. 2010ல் வந்த 2ஜி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,76,000 கோடி என்ற எண் இன்று குழந்தைக்கும் தெரியும். அறிக்கையில் இருந்தது ஒரு மதிப்பீடு இல்லை. வெவ்வேறு கணக்குப்படி 57,000 கோடியிலிருந்து 1,76,000 கோடிவரை பல இருந்தன. எல்லாமே ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கக்கூடியது என்ற ஊகத் தொகை. ஆனால் டீக்கடையில் என்ன பேசினார்கள்? யாரோ பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுபோனதுபோல! 2012ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் ஆ. ராசா, கனிமொழி உட்பட எல்லோரையும் விடுதலை செய்தது. அதன்மீது மேல்முறையீடு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஒதுக்கீட்டு முறை தவறு என்பதும் உண்மையாக இருக்கலாம், கிரிமினல் குற்றம் நிரூபணமாகவில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். சாதாரண மனிதன் இந்த நுணுக்கத்துக்கா வரப்போகிறான்? ஒரு கூட்டம் 'எல்லாரும் திருடன்' என்றது, இன்னொரு கூட்டம் 'ஆடிட்காரனே புளுகன்' என்றது. எண்ணைப் பெரிதாக்கினால் நம்பிக்கை சிறுத்துப்போகும் என்பதை எங்கள் துறை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

எப்போதுமே இப்படித்தான் இருந்ததா? முந்த்ரா விவகாரத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1957ல் எல்.ஐ.சி. பணத்தில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளை வாங்கினார்கள். ஆளுங்கட்சி எம்.பி.யும் பிரதமரின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தியே அதை மக்களவையில் எழுப்பினார். நிதி மந்திரி நம்மவர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா தனி ஒருவராக விசாரித்தார். விசாரணை பகிரங்கமாக நடந்தது, உள்ளே இடமில்லாமல் வெளியே நின்ற கூட்டத்துக்காக ஒலிபெருக்கி கட்டினார்கள். அரசியல் சட்டப்படி செயலாளர் செய்ததற்கு மந்திரிதான் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். கேள்வி எழுந்ததிலிருந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவர் சொந்தப் பையில் ஒரு பைசா போட்டதாக யாரும் சொல்லவில்லை. 1962ல் மறுபடியும் மந்திரியானார் என்பது வேறு கதை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஒலிபெருக்கியைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். ஜனங்கள் நின்று கேட்டார்கள், அவர்கள் காதுபடவே பதில் வந்தது.

காமன்வெல்த் போட்டிக்கு வருவோம். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி 2011 ஏப்ரலில் கைதானார், பல மாதம் திகார் சிறையில் இருந்தார். தெருவிளக்கு வழக்கில் மாநகராட்சி அலுவலர்கள் நால்வருக்கும் ஒரு தனியார் கம்பெனிக்காரர்களுக்கும் 2015ல் தண்டனை கிடைத்தது. கல்மாடி மீதான பணமோசடி வழக்கை முடித்துக்கொள்வதாக அமலாக்கத் துறை சொன்னதை 2025 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பதினான்கு வருஷம். குற்றவாளி என்றால் அப்போதே தண்டித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அப்போதே விட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இழுபறியில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2010ல் பள்ளிக்கு லீவு விட்டார்கள் என்று குதித்த என் பேரன் இன்று குர்காவில் வேலை பார்க்கிறான். "தாத்தா, அது என்ன கேஸ்?" என்கிறான்.

அந்தக் கோபத்தில் எழுந்ததுதான் 2011 ராம்லீலா மைதானம். நம் வீட்டுப் பிள்ளைகளும் வெள்ளைக் குல்லாய் போட்டுக்கொண்டு போனார்கள். தணிக்கை அறிக்கையைக் கையில் உயர்த்திப் பிடித்தவர்கள் கட்சி ஆரம்பித்தார்கள். 2013ல் ஷீலா தீட்சித்தைத் தோற்கடித்தார்கள். 2015ல் 70 இடங்களில் 67ஐப் பிடித்தார்கள். பிறகு என்ன நடந்தது? அவர்கள் சர்க்காரைப் பற்றிய தணிக்கை அறிக்கைகளே, ஒன்றல்ல இரண்டல்ல, 14 அறிக்கைகள், சட்டமன்றத்தில் வைக்கப்படாமல் கிடந்தன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமே தாமதத்தைக் கண்டித்தது. முதலமைச்சர் வீட்டைப் புதுப்பிக்க 7.91 கோடி என்று போட்ட எஸ்டிமேட் 33.66 கோடியில் முடிந்தது என்று தணிக்கை கண்டதாக அதே மாதம் பத்திரிகைகளில் வந்தது. வேறு யாராவது செய்திருந்தால் நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். தணிக்கையை நம்பு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அதைப் பெட்டியில் பூட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் பிப்ரவரி 25ஆம் தேதியே முதல் அறிக்கையை எடுத்து வைத்தார்கள். அது பழைய ஆட்சியைப் பற்றியது, ஆகவே சுறுசுறுப்புக்குக் குறைவில்லை.

மத்தியிலும் நிலைமை வேறல்ல. மத்திய சர்க்கார் பற்றிய தணிக்கை அறிக்கைகள் 2015ல் 55ஆக இருந்தவை 2020ல் 14ஆகக் குறைந்ததாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்தது. 2023 ஆகஸ்டில் வந்த அறிக்கை, துவாரகா எக்ஸ்பிரஸ் சாலைக்குக் கிலோமீட்டருக்கு 18.20 கோடி என்றிருந்தது 250.77 கோடியானது என்றது. 18.20 என்பது நாடு முழுவதற்குமான சராசரி, இதுவோ எட்டு வழி மேம்பாலமும் சுரங்கமும் கொண்ட சாலை, ஒப்பிடுவதே தப்பு என்றது அமைச்சகம். அந்தப் பதிலில் பாதி நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதைப் பொதுக் கணக்குக் குழுவில், சாக்ளா விசாரணைபோல ஜனங்கள் காதுபட, பேசியிருந்தால் என்ன? மறுபாதித் தாளை நிரப்பித் தருவதில் ஏன் இந்தத் தயக்கம்?

உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லாமல் ஒரு சங்க மலர்க் கட்டுரை முடியக்கூடாது என்பது மரபு, நானும் மீறவில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதியற்றவர்களில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவருடைய நெருங்கிய உறவினர்களையும் சேர்த்திருக்கிறார்கள். மேடைதோறும் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் தகுதிப் பட்டியலில் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும் என்று இருப்பதை மேடையில் யாரும் வாசிப்பதில்லை. மனையில்லாதவன் அன்றும் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் இருப்பது ஜங்புராவில். எங்கள் பகுதியில் பாராபுல்லா நாலாவின் கரையில் மதராஸி கேம்ப் இருந்தது. பெரும்பாலும் வட தமிழக மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, இட்லிக் கடை. அந்த நாலாவின் மேலேதான் 2010 போட்டிக்காக, வீரர்களை ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோக, அவசர அவசரமாக ஒரு மேம்பாலச் சாலை கட்டி முடித்தார்கள். அதே சாலையை யமுனை தாண்டி மயூர் விஹாருக்கு நீட்டும் பகுதி 2017ல் முடிந்திருக்க வேண்டியது, 2025லும் முடியவில்லை. அதற்கு வெளிநாட்டு விருந்தாளிகள் யாரும் காத்திருக்கவில்லை.

2025 ஜூன் 1ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவின்படி மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. வடிகாலை அடைத்து நிற்கிறது என்பது காரணம். மழைக்காலத்தில் ஜங்புராவில் முழங்கால் தண்ணீரில் நடந்தவன் நான், அந்தக் காரணத்தை மறுக்கமாட்டேன். சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முடிவாயிற்று, அதுவும் நகரத்தின் வடகோடியில் நரேலாவில். ஏழைகளுக்கென்று கட்டி வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த அடுக்குமாடிகளில் ஆயிரக்கணக்கானவை அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

நம்மில் சிலர், "நமக்கென்ன ஸார், நாம வெளியூர்க்காரங்க, ஊர் வம்பு எதுக்கு" என்பார்கள். ஐம்பது வருஷமாக வரி கட்டியும் வெளியூர்க்காரராகவே இருக்கச் சம்மதித்துவிட்டோம். கேம்ப்காரர்கள் அப்படி இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் பதினெட்டு வருஷமாக வேலை செய்த அம்மாள் அங்கேதான் இருந்தார். தகுதி சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்த அன்று ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். "ஐயா, நீங்க கணக்கு ஆபீசுல இருந்தவங்க. இதெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க" என்றார். 2015 ஜனவரி 1க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பையைக் கொட்டினேன். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரண்டு பில்கள், பெரிய பையன் பள்ளி மாற்றுச் சான்று, மகள் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு, கேஸ் இணைப்பு ரசீது. ஒவ்வொன்றும் வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தது. ஈரம் படாமலிருக்க பால் கவரைக் கழுவிக் காயவைத்து உறை போட்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பில்லின் நிறத்தையும் அளவையும் வைத்தே அடுக்கியிருக்கிறார்.

முப்பத்தாறு வருஷத்தில் எந்த அலுவலகத்திலும் நான் அப்படி ஒரு வவுச்சர் கட்டைப் பார்த்ததில்லை. ஒரு ஹாஃப் மார்ஜின்கூடப் போட முடியாது.

அவருக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. நரேலாவிலிருந்து ஜங்புராவுக்குத் தினமும் வந்து போக முடியாது, ஆகவே வேலையை விட்டார். போவதற்கு முதல்நாள் மறுபடியும் அந்தப் பையோடு வந்தார். எல்லாவற்றுக்கும் இரண்டு செராக்ஸ் எடுத்திருந்தார். ஒரு செட்டை என் மேஜைமேல் வைத்தார். "அசல் எங்கிட்ட இருக்கட்டும் ஐயா, இது உங்க அலமாரியில இருக்கட்டும்" என்றார்.

"அதான் வீடு குடுத்துட்டாங்களேம்மா, இனிமே எதுக்கு?" என்றேன்.

"திரும்பவும் கேப்பாங்க ஐயா" என்றார்.

அலமாரியில் காமன்வெல்த் அறிக்கைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.